நாக்கில் ஒரு சிட்டிகை மண்

ஒரு பிள்ளையின் வாய்க்குள் ஒரு சிட்டிகை தொட்டி மண் போனால் அதற்கு நோய் வருமா, வராதா?

இந்தக் கேள்வியை நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிளினிக்கில் கேட்டேன். இரத்தினபுரியில் என் மகளைப் பார்த்த டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டேன். போனில் தேடிப் பார்த்தேன். வரும் என்றும் வராது என்றும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தது. டாக்டர் கடைசியில், வரலாம், வராமலும் இருக்கலாம், பிள்ளைதான் சுகமாகிவிட்டதே, இன்னும் ஏன் அதையே கேட்கிறீர்கள் என்றார். ஏன் கேட்கிறேன் என்று சொல்வதானால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரிசையில் ஆள் நின்றதால் அன்று சொல்லவில்லை.

அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஓப்பநாயக்கவிலிருந்து உள்ளே போகும் ஒரு தேயிலைத் தோட்டம். ஃபெக்டரிக்குக் கீழே ஒரே கூரையில் இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், மற்றதில் அவர். என் கணவருக்குத் தோட்டத்து ஸ்டோரில் வேலை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஃபெக்டரியில், தேயிலை காயவைக்கும் டிரையர் பக்கம். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘டேஸ்டர்’ என்பார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. நான் அண்ணே என்பேன். மகள் மாமா என்பாள்.

எதையும் நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. நாங்கள் அந்த வீட்டுக்கு வந்த அன்று நான் ஏழு மாதம். சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போது அவர் பின்பக்கமாக வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. எங்கள் குசினிப் பைப்பைத் திறந்து உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் எடுத்தார், கொப்பளித்தார், வெளியே துப்பினார். பிறகுதான் என்னைப் பார்த்தார். பைப்பு பழசு, இரும்பு ருசிக்கிறது, காலையில் முதலில் வருகிற தண்ணீரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள் தங்கச்சி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வந்த வீட்டில் துப்பிவிட்டுப் போகிறாரே என்று கணவரிடம் சொன்னேன். “அந்தாளு அப்படித்தான்,” என்றார் அவர். “தங்கச்சின்னு வேற சொல்லிட்டாரு. இனி நீ தப்பிக்க முடியாது.”

மறுநாளிலிருந்து நான் தண்ணீரை ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். அது தேவைதானா என்று தெரியாது. எனக்கு யாராவது ஒரு கணக்குச் சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொள்வேன். பிள்ளை பிறந்த பிறகு அது இன்னும் மோசமானது. எத்தனை மணிக்குப் பால், எத்தனை அவுன்ஸ், எத்தனை தடவை துணி மாற்றினேன், எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். உயர்தர வகுப்பு வரை படித்தவள் இப்படித்தான் பிள்ளை வளர்க்க வேண்டும் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓப்பநாயக்கச் சந்தையில் கருவாட்டுக்காரர் அவரைத் தூரத்தில் கண்டாலே ‘அன்ன ஆவா’ என்று, அந்தா வந்துவிட்டார் என்று, பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுப்பாராம். பழைய கருவாட்டை எல்லாம் சாக்குக்குள் தள்ளுவார்களாம். ஃபெக்டரியிலும் அவருக்கு ஒரு இடம் இருந்தது. காலையில் ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா மேசை மேல் கோப்பைகளை வரிசையாக வைத்துச் சாயம் பார்க்கும்போது இவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். அது இவருடைய வேலை இல்லை. சம்பளச் சீட்டில் இவர் டிரையர் ஆள்தான். ஆனால் டீமேக்கர் ஐயா ஒரு வாய் உறிஞ்சித் துப்பியதும் இவர் முகத்தைப் பார்ப்பார். இவரும் உறிஞ்சித் துப்பிவிட்டு, நேற்று இரண்டாவது டிரையரில் சூடு கூடிப்போயிருக்கிறது என்பார். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்குமாம். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அவர் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். டிரையர் அறைக்குப் போனதும் அதைக் கழற்றி மாட்டிவிடுவார்.

ஒருதடவை கிளினிக்கில் தந்த சத்துமாவை மகளுக்குக் கரைக்கப் போனேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தார். இதைக் கொடுக்க வேண்டாம், அடியில் ஈரம் பட்டிருக்கிறது என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையின் சாப்பாட்டில் கை வைக்கிறாரே என்று. அவர் போன பிறகு டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். அடியில் பச்சையாகப் பூத்திருந்தது. நன்றி சொல்லப் போகவில்லை. ஏன் என்று இப்போதும் யோசிக்கிறேன். நான் மூடி சரியாகப் போடவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

பெகோனியாவைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்லி முடியாது. அவருடைய மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அதற்கு முன் எங்கள் தோட்டத்துப் பங்களாவில் வேலை. அங்கே வராந்தாவில் இருந்த பெகோனியாவிலிருந்து ஒரே ஒரு இலையைக் கிள்ளி மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். அந்த இலையை ஈர மண்ணில் படுக்க வைத்து, நரம்பு நரம்பாகக் குட்டி முளைக்க வைத்து, அதிலிருந்து வந்தவைதான் எல்லாம். வெள்ளி பூசின மாதிரி ஒரு வகை, கீழ்ப்பக்கம் மட்டும் பீட்ரூட் நிறத்தில் ஒரு வகை. மனைவி போன பிறகு இவர் பார்த்துக்கொண்டார். எங்கள் பக்கத்து மழைக்கு இந்த இலைகள் இரண்டு நாளில் அழுகிவிடும். அதனால் எல்லாம் வீட்டுக்குள்தான். முன்னறை ஜன்னலோரம் பலகை அடித்து, பால்மா டின், மாஜரின் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, எல்லாவற்றிலும் ஆணியால் ஓட்டை போட்டு வரிசையாக வைத்திருந்தார். இருபதுக்கு மேல் இருக்கும்.

வெள்ளிக்கிழமை குவைத்தில் லீவு. பின்னேரம் வீடியோ கோல் வரும். சுவர் மெல்லிசு, எனக்குக் கேட்கும். அவர் ஒவ்வொரு டப்பாவாகக் கேமராவைக் காட்டிக்கொண்டே போவார். அந்த அக்கா அங்கிருந்து, “அந்தா அந்த மூலையில உள்ளதக் காட்டுங்க. உங்க மூஞ்சிய யாரு கேட்டா,” என்பார். இவர் சிரிப்பார். சண்டை, பணம், ஊர்க்கதை எல்லாம் அந்தச் சுற்று முடிந்த பிறகுதான்.

எனக்கும் ஒரு செடி வேண்டும் என்று கேட்டேன். பிள்ளை பிறந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த காலம். தந்தார். ஒரு மாதத்தில் அழுகிவிட்டது. நான் தோட்டத்துச் சிவப்பு மண்ணையே டப்பாவில் போட்டுவிட்டேன். தேயிலை நிற்கிற மண்ணாச்சே, இது நிற்காதா என்று. அவர் வந்து மண்ணைக் கையில் பிடித்துப் பிழிந்தார். அது களிமண் உருண்டையாக நின்றது. இதுக்கு மூச்சு விட முடியாது தங்கச்சி என்றார். பிறகு தன்னுடைய கலவையைச் செய்து காட்டினார்.

அல்பீசியா மரத்தடியில் மக்கிக் கிடக்கிற சருகு மண். கொஹுபத், அதாவது தேங்காய்த் தும்பு உதிர்ந்த தூள். எங்கள் பக்கத்தில் தமிழ் ஆட்களும் சிங்களப் பெயரைத்தான் சொல்வோம். எம்பிலிப்பிட்டியப் பக்கம் நெல் ஆலையிலிருந்து வரும் கருக்கிய உமி. பிறகு மாணிக்கக் குழியில் கல் கழுவி முடித்து வீசுகிற சின்னச் சரளை. அதை ஆற்றோரத்திலிருந்து சாக்கில் கொண்டுவருவார். தண்ணீர் பிடிக்கப் போகும் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, டேஸ்டர் பூச்சட்டிக்குள் நீலக்கல் ஒளித்து வைக்கிறார், அதுதான் மனிதர் வீட்டை விட்டு அசைவதில்லை என்று கிண்டல் பண்ணுவார்கள். “ஆமா, ஒரு சட்டிக்கு ஒண்ணு. யாருக்கும் சொல்லிடாதீங்க,” என்பார்.

நான் கொப்பியும் பேனாவுமாக நின்றேன். கொஹுபத் எத்தனை கோப்பை என்று கேட்டேன். கொஞ்சம் கூட என்றார். கூட என்றால் இரண்டா, மூன்றா என்றேன். சாக்கைப் பொறுத்தது என்றார். கொஹுபத்தை ஒரு பேசினில் ஊறவைத்து அலசினார், பிழிந்தார், ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துத் துப்பினார். திரும்பவும் அலசினார். திரும்பவும் நாக்கு.

“எத்தன தடவ அலசணும்ண்ணே? ஒரு கணக்குச் சொல்லுங்க.”

“ருசி போற வரைக்கும்.”

நான் கொப்பியில் ‘மூன்று தடவை’ என்று எழுதினேன். அன்று அவர் மூன்று தடவைதான் அலசினார். என்ன ருசி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்காமல் எதையும் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது, தண்ணீர், சாப்பாட்டைப் பற்றித் தவிர. அவர் எதையும் நக்குகிற மனிதர், இதையும் நக்குகிறார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

என் மகளுக்கு இரண்டரை வயதானபோது ஒரு பெரிய மழை. நான்கு நாள் விடவில்லை. மேலே ஊற்றிலிருந்து பீலிக் குழாய் வழியாக டாங்கிக்கு வந்துதான் எங்கள் பைப்புகளுக்குத் தண்ணீர் வரும். மழை விட்ட மறுநாள் காலை அவர் வேலிப்பக்கம் வந்து, தண்ணீரில் வேறு ஏதோ ருசி இருக்கிறது, இரும்பு இல்லை, இது வேறு, பிள்ளைக்கு நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்றார். நான் எப்போதும் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன் என்றேன். கொஞ்சம் வெடுக்கென்று சொன்னேன். பிள்ளை வளர்க்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ற மாதிரி. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் அவர் பின்வாசலில் கலவை போட்டுக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் குந்தியிருந்தாள். அது வழக்கம்தான். நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். மகளும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். அவரைப் போலவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய் வந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் குடத்தோடு நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். “வாயத் தொற கண்ணா, உள்ள ஒலகம் தெரியுதான்னு பாப்போம்,” என்று ஒருத்தி கேட்டாள்.

நான் ஓடினேன். அவர் அதற்குள் பிள்ளையின் வாயில் விரலை விட்டு மண்ணை வழித்துவிட்டிருந்தார். “ஒண்ணுமில்ல தங்கச்சி, கொஞ்சந்தான்,” என்றார். நான் பிள்ளையைப் பறித்துக்கொண்டு பைப்படிக்குப் போனேன். தண்ணீரைத் திறந்து வாயைக் கழுவினேன். ஒருதடவை இல்லை. கைநிறையப் பிடித்து வாய்க்குள் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். பிள்ளை கத்தினாள், திணறினாள், விழுங்கினாள்.

அவர் பின்னால் வந்து நின்று, “பைப்புத் தண்ணி வேணாம் தங்கச்சி. கொதிச்ச தண்ணி கொண்டாங்க,” என்றார்.

அவர் தன் தப்பை மறைக்கத் தண்ணீரைப் பழி சொல்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு கை அதிகமாகவே கழுவினேன்.

மறுநாள் மகளுக்கு வாந்தி. பிறகு வயிற்றோட்டம், காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வரிசையில் பத்துப் பதினைந்து பேர். பிள்ளை தோளில் துவண்டு கிடந்தாள். என்ன ஆச்சு, என்ன சாப்பிட்டாள் என்று எல்லோரும் கேட்டார்கள். நான் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. அன்று போட்டேன்.

“மண்ணத் திங்கிற ஆளு பக்கத்துல புள்ளைய விட்டேனே, அது என் தப்பு.”

அந்த வாசகம் அப்படியே எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது அது என் மேல் நான் பழி போட்டுக்கொள்வதாகத்தான் எனக்குத் தோன்றியது. கேட்டவர்கள் எல்லோருக்கும் அது யாரைப் பற்றி என்று தெரியும்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். சேலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் மகள் பிஸ்கட் கேட்டாள். வீட்டுக்கு வந்தோம். நாங்கள் இல்லாத அந்த நாட்களில் கீழே தொழிலாளர் லயத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி என்று கேள்விப்பட்டேன். மழைக்காலத்தில் அது எப்போதும் நடப்பதுதான். ஒரு வாரம் கழித்து ஆட்கள் மேலே போய்ப் பார்த்தபோது டாங்கி மூடி விலகிக் கிடந்ததாம், மேட்டு மண் சரிந்து உள்ளே இறங்கியிருந்ததாம். அதைக் கணவர் வந்து சொன்னபோது நான் சோறு பிசைந்து மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வாயை உருட்டினேன்.

அதற்குள் அவர் பெயர் மாறிவிட்டிருந்தது. டேஸ்டர் போய், மண்ணுதின்னி. லயத்துப் பிள்ளைகள் அவர் போகும்போது ஒரு பிடி மண்ணை நீட்டி, மாமா உப்புக் காரம் சரியா என்று கேட்பார்களாம். அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே போவாராம். ஆனால் டீமேக்கர் ஐயா சிரிக்கவில்லை. அவருக்கு ஃபெக்டரியின் பெயர் முக்கியம். மண்ணைத் தின்று ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய ஆள் நம் தேயிலையில் வாய் வைக்கிறார் என்று வெளியில் பேச்சு போனால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். அதட்டவில்லையாம். நாளையிலிருந்து நீ மேசைக்கு வர வேண்டாம், டிரையரைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னாராம். இதை என் கணவர் ஸ்டோரில் கேட்டு வந்து சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார்.

போய்ச் சொல்லியிருக்கலாம். ஃபெக்டரி எங்கள் வாசலிலிருந்து எண்பது படி. டாங்கி மூடி விலகிக் கிடந்தது, எனக்கு நிச்சயமில்லை, நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன் என்று டீமேக்கர் ஐயாவிடம் சொல்ல இரண்டு நிமிடம் போதும். நான் ஒவ்வொரு நாளும் யோசித்தேன். ஆனால் ஒருவேளை மண்ணாலேயே வந்திருந்தால்? கோழி எரு ஏதாவது அதில் இருந்திருந்தால்? நிச்சயமில்லாமல் போய் எப்படிச் சொல்வது? குற்றம் சொல்லும்போது எனக்கு நிச்சயம் தேவைப்படவில்லை. அதைத் திரும்ப எடுப்பதற்கு மட்டும் தேவைப்பட்டது.

அவர் என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். அவள் மாமா என்று ஓடினால், அம்மாகிட்டப் போ பாப்பா என்று திருப்பி அனுப்பினார். சட்டை இஸ்திரி போடுவதை நிறுத்திவிட்டார். பைப்பைத் திறந்து ருசி பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். ஒருநாள் வேலிக்கு மேலாகப் பார்த்தேன். பேசினில் கொஹுபத்தை அலசிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினார். மூன்று முடிந்ததும் பிழிந்து டப்பாக்களில் போட்டார். நாக்குக்குக் கொண்டுபோகவே இல்லை. சரி, நல்லதுதான், இப்போதாவது ஒழுங்காகக் கணக்குப்படி செய்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டு மூன்று மாதத்தில் அவருடைய பெகோனியா இலைகளின் ஓரம் பழுப்பாகத் தொடங்கியது. நெருப்பில் காட்டின கடுதாசி மாதிரி ஓரம் ஓரமாகக் கருகி உள்ளே வந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றாலே தெரியும். அவர் டப்பாவை இடம் மாற்றினார், தண்ணீரைக் குறைத்தார், பிறகு கூட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை கோல் வந்தபோது அந்த அக்கா பூச்சட்டிகளைக் காட்டச் சொல்வது சுவர் வழியாகக் கேட்டது. லைட் இல்லை, கரண்ட் போய்விட்டது என்றார் அவர். எங்கள் வீட்டில் அப்போது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளியும் ஏதோ சொன்னார். அதற்கடுத்த வெள்ளி அந்த அக்காவின் குரல் மாறியிருந்தது.

“என்னமோ மறைக்கிறீங்க. செடி போனாப் போகுது. உங்களுக்கு என்னா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல” என்று அவர் சொன்னது கேட்டது. நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டே நின்றேன். மகள் எப்போதோ தூங்கிவிட்டிருந்தாள்.

அடுத்த வருடம் அவர் வேலையை விட்டுவிட்டு எம்பிலிப்பிட்டியவுக்குப் போனார். அங்கே மச்சான் ஒருவரின் கடையில் வேலை என்றார். போகிற அன்று மிச்சமிருந்ததில் ஓரளவு நன்றாக இருந்த ஒரு செடியை எங்கள் வாசலில் வைத்தார். “பாப்பாவுக்கு” என்றார். எனக்கு என்று சொல்லவில்லை. நான், சரிண்ணே, போயிட்டு வாங்க என்றேன். வேறு எவ்வளவோ சொல்லியிருக்கலாம். லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார்.

அந்தச் செடியைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். கொப்பியை எடுத்து அதில் எழுதியபடியே கலவை செய்தேன். புதுச் சாக்கு கொஹுபத் வாங்கி மூன்று தடவை அலசினேன். ஒரு மாதத்தில் ஓரம் கருகியது. உரம் போட்டேன், இன்னும் கருகியது. கடைசியில் டப்பாவோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, பெல்மதுளை ரோட்டோரத்தில் செடி விற்கும் ஒரு சிங்கள அக்காவிடம் போனேன். அவர் இலையைப் பார்த்தார். பிறகு மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, சர்வசாதாரணமாக, நாக்கில் வைத்தார். துப்பினார்.

“லுணு வெடியி நங்கி.”

உப்பு அதிகம் தங்கச்சி.

கடலோரத்தில் தேங்காய் மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தும்பு எடுப்பார்களாம். அந்தத் தூளில் உப்பு ஏறியிருக்கும். ஒரு சாக்கில் குறைவு, ஒரு சாக்கில் அதிகம். சில சாக்கை இரண்டு தடவை அலசினால் போதும், சிலதை ஏழு எட்டுத் தடவை அலச வேண்டும். உப்போடு வைத்தால் பெகோனியா மாதிரி மெல்லிய வேர் தாங்காது, இலையின் ஓரத்திலிருந்து எரியும். எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வாயில் வைத்துப் பார்ப்பதுதான், வேறு எப்படி என்றார். பக்கத்தில் அவருடைய சின்ன மகள் இருந்தாள், என் மகள் வயதுதான். அவளும் ஒரு சிட்டிகை எடுத்து வைத்துத் துப்பிவிட்டு, ஆமாம் அம்மா என்று தலையாட்டினாள். யாரும் ஓடி வரவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியில் அந்த டப்பா. நான் எண்ணிப் பார்த்தேன். அவர் என்னால் மேசையை விட்டார். அதோடு நாக்கையும் விட்டார். நாக்கை விட்டதால் உப்புத் தெரியவில்லை. அவருடைய மனைவி மடியில் கொண்டுவந்த இலையிலிருந்து வந்தவை கிட்டத்தட்ட அத்தனையும் போயின. ஒரே வாசகம்தான் நான் பேசியது.

இப்போது மகளுக்கு ஆறு முடிந்துவிட்டது, பள்ளிக்கூடம் போகிறாள். அந்த மாமா ஏன் போனார் என்று சில நேரம் கேட்பாள். வேலை மாறிப் போனார் என்பேன். செடி பிழைத்துவிட்டது. இன்று வரைக்கும் கொஹுபத்தை அலசினால் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காமல், ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். உப்பு இருந்தால் உடனே தெரிகிறது. கதவைச் சாத்த வேண்டியிருப்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சாத்தாமல் செய்யவும் இன்னும் வரவில்லை.

போன மாதம் கணவர் ஒரு செய்தி கொண்டு வந்தார். அந்த அக்கா குவைத்திலிருந்து வந்துவிட்டாராம். இரண்டு பேரும் எம்பிலிப்பிட்டியவில்தான் இருக்கிறார்களாம். நான் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். விடு, அவரே மறந்திருப்பார், நீ போய்க் கிளறாதே என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். இங்கே ஸ்டோரில் என் கணவருக்கும் மேலே அதே டீமேக்கர் ஐயாதான். நான் இத்தனை வருடம் கழித்து டிஸ்பென்சரி வரிசையில் நின்று, அன்று நான் சொன்னது தப்பு என்று சொன்னால், எல்லோரும் என் கணவரைத்தான் பார்ப்பார்கள்.

எனக்கு இரண்டு வழி தெரிகிறது. முதலில் அவரிடம் போய்ச் சொல்வது. அவர், அதெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி என்று சொல்லிவிடுவார்; எனக்கு மனம் லேசாகும், தோட்டத்தில் அவர் மண்ணுதின்னியாகவே இருப்பார். அல்லது முதலில் இங்கே, கேட்டவர்கள் முன்னால் சொல்லிவிட்டுப் பிறகு அவரிடம் போவது. இரண்டாவதுதான் சரி என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றியே ஒரு மாதம் ஆகிவிட்டது. அந்த அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதை நான் இன்னும் யோசிக்கவே தொடங்கவில்லை.

இதை வாசிப்பவர்களில் வீட்டுக்குள் பெகோனியா வளர்ப்பவர்கள் இருப்பீர்கள். கொஹுபத் விஷயத்தில் நான் சொன்னதில் பிழை இருந்தால் திருத்துங்கள். ஆனால் நான் உண்மையில் கேட்பது அதை இல்லை. ஒருவரைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசிவிட்டு, வருடங்கள் கழித்து அவர் வாசலில் போய் நின்றவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கதவு திறந்ததும் நீங்கள் முதலில் சொன்ன வார்த்தை என்ன என்று எனக்கு எழுதுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.